கூடிப் பயிலும் உடற்பயிற்சி

சுவர் இருந்தால்தான் சித்திரம் வரைய இயலும் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. இதனை அறியாத மாணவர் நம் பள்ளியில் ஒருவரும் இலர். ‘உடற்பயிற்சியின் நன்மைகள்’ எனத் தலைப்புக் கொடுத்துக் கட்டுரை எழுதச் சொன்னால், இரத்த ஓட்டம் சீராகும், பசி எடுக்கும், நல்ல உறக்கம் வரும் என்று வரிசையாக எழுதி முழுப் புள்ளிகளும் பெற்றுவிடுவர். ஆயினும், அவ்வாறு எழுதியவருள் எத்தனை பேர் மாலை வேளையில் திடலில் இறங்குகின்றனர்? எழுத வைத்த ஆசிரியருள்ளும், எழுதியதைப் படித்து மகிழ்ந்த பெற்றோருள்ளும் எத்தனை பேர் காலையில் எழுந்து நடக்கின்றனர்?

நன்மை தெரியாமையால் நாம் சோம்பியிருக்கவில்லை என்பது இதனால் விளங்கும். அப்படியாயின், ஒருவரைத் திடலுக்கு அழைத்து வருவது எது? வந்தவரை மறுநாளும் வரச் செய்வது எது? இவ்விரு வினாக்களுக்கும் விடை வெவ்வேறு என்பதே இக்கட்டுரையில் நாம் கூற விழைவது.

அன்றைய உழைப்பும் இன்றைய ஓய்வும்

நம் தாத்தா பாட்டியருள் பலர் இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தவர்கள். கதிரவன் எழுமுன் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்தவர்கள். நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களுக்கு நடந்து சென்று, குனிந்தும் நிமிர்ந்தும் பால் வெட்டி, நிரம்பிய வாளிகளைக் காண்டாக் கம்பில் தோளேற்றிக் கொட்டகைக்குச் சுமந்தவர்கள். அவர்களுக்கு உடற்பயிற்சி என்னும் தனிப் பாடம் தேவைப்படவில்லை. வயிற்றுப்பாட்டுக்காகச் செய்த அக்கடும் உழைப்பை இன்பமான பயிற்சி என்று நாம் சொல்லத் துணியோம். முதுகுவலியும் கொசுக்கடியும் அட்டைக்கடியும் அதனுடன் சேர்ந்தே வந்தன. எனினும் அவர்தம் உடல் அசைந்துகொண்டே இருந்தது என்பது மெய்.

தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்த குடும்பங்களின் வாழ்வு வேறு. அடுக்குமாடியில் ஏற மின்தூக்கி இருக்கிறது. பள்ளிக்கு வர வேன் இருக்கிறது. வீடு திரும்பினால் தொலைக்காட்சி இருக்கிறது, கைப்பேசியும் இருக்கிறது. உணவு மட்டும் குறையவில்லை. அதில் சீனியோ முன்னைவிட மிகுதி. இதன் விளைவு என்ன? 2019ஆம் ஆண்டு நம் நாட்டில் நடைபெற்ற தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பது தெரிய வந்தது. அந்நோய் இந்தியரிடையே மற்ற இனத்தவரைவிட மிகுதியாக இருந்தது. நம் மாணவருள் பலர் வீட்டில் பாட்டிக்கு ஊசி மருந்து போடுவதையும், தாத்தாவின் காலிலுள்ள புண் ஆறாமல் இருப்பதையும் கண்ணால் கண்டவர்களே. ஆகவே இது ஏட்டுச் செய்தி அன்று. நம் வீட்டுச் செய்தி.

இலண்டன் பேருந்து கற்பித்த பாடம்

உடல் அசைவுக்கும் உயிர் நலத்துக்கும் உள்ள தொடர்பை முதன்முதலில் தெளிவாக எடுத்துக்காட்டியவருள் ஒருவர் ஜெரி மோரிஸ் என்னும் பிரித்தானிய மருத்துவர். இலண்டன் மாநகரின் ஈரடுக்குப் பேருந்துகளில் அக்காலத்தில் இருவர் பணிபுரிந்தனர். ஓட்டுநர் நாள் முழுவதும் இருக்கையில் அமர்ந்திருப்பார். நடத்துநரோ பயணச்சீட்டுக் கொடுப்பதற்காக நாள்தோறும் நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்குவார். ஒரே பேருந்து, ஒரே சாலை, ஏறக்குறைய ஒரே வகைக் குடும்பம். ஆயினும் மாரடைப்பு ஓட்டுநரிடையே மிகுதியாகவும் நடத்துநரிடையே குறைவாகவும் இருந்ததை மோரிஸ் குழுவினர் கண்டனர். இந்த ஆய்வு 1953ஆம் ஆண்டு வெளியாயிற்று. அஞ்சலகத்திலும் இவ்வாறே, நடந்தும் மிதிவண்டியிலும் சென்று கடிதம் கொடுத்தவர்கள், நாற்காலியில் அமர்ந்து பணிபுரிந்தவர்களைவிட நலமாக இருந்தனர்.

தாம் கண்டதைத் தம் வாழ்விலும் மோரிஸ் கடைப்பிடித்தார். முதுமையிலும் உடற்பயிற்சியை விடாத அவர் 2009ஆம் ஆண்டு, தம் நூறாம் அகவையை நெருங்கிய நிலையில் மறைந்தார்.

ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமேனும் உடல் வியர்க்க இயங்க வேண்டும் என்றும், பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமாக இயங்க வேண்டும் என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டில் அறிவுறுத்தியது. பெரியவர்களுக்கு இது வாரத்தில் ஐந்து நாள், அரைமணி நேர விரைநடை என்ற அளவேயாகும். அளவு சிறிது, ஆனால் அதனை விடாது செய்வதே அரிது.

ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம்

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்கு வந்திருந்த சிலரிடம், “நீங்கள் ஏன் உடற்பயிற்சி செய்யத் தொடங்கினீர்கள்?” என்று வினவினோம். விடைகள் பலவாறாக வந்தன.

“டாக்டர் இனிப்பு நீர் என்று சொன்ன மறுநாள் காலையில் நடக்கத் தொடங்கினேன், சார்” என்றார் ஒரு தந்தையார். தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளையும் இடையில் உட்காராமல் ஏற வேண்டும் என்பது ஒரு தாயாரின் ஆவல். பேரப்பிள்ளையைத் தூக்கி விளையாட வேண்டும் என்றார் ஒரு பாட்டி. காவல் துறையில் சேர விரும்பும் ஓர் அண்ணன் ஓட்டத் தேர்வுக்காக ஓடுகிறார். நாள் முழுவதும் கடையில் நின்றபின், வீட்டுக் கவலைகளை மறந்து அரைமணி நேரமேனும் தமக்கென்று நடப்பதாக மற்றோர் அம்மையார் கூறினார். மாணவரிடம் கேட்டபோது, இல்ல விளையாட்டுப் போட்டியில் அஞ்சல் ஓட்டக் குழுவில் இடம்பெற வேண்டும் என்றான் ஒருவன். “ஓடினால் சிரிப்பு வருகிறது, டீச்சர்” என்றாள் முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி. அனைத்து விடைகளிலும் நமக்கு மிகப் பிடித்தது அதுவே.

இக்காரணங்களை இரு கூறாகப் பிரிக்கலாம். அச்சம், தேர்வு, பரிசு, பிறர் புகழ்ச்சி ஆகியவை வெளியிலிருந்து தள்ளுபவை. மகிழ்ச்சி, தன்னால் இயலும் என்னும் நிறைவு, தனக்கு முதன்மையான ஒன்றை அடையும் வேட்கை ஆகியவை உள்ளிருந்து எழுபவை. வெளியிலிருந்து தள்ளும் கை ஓய்ந்தால் வண்டியும் நின்றுவிடும். தேர்வு முடிந்ததும் ஓட்டத்தை விட்டவர்களை நாம் அறிவோம். இரத்தத்தில் சீனியின் அளவு இறங்கியதும் காலணியைப் பரண்மேல் போட்டவர்களையும் அறிவோம்.

எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரையன் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் இருவர் மனித ஊக்கத்தைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தனர். ஒரு செயலில் ஒருவர் நிலைத்து நிற்க மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும் என்பது அவர்தம் முடிபு. தானே விரும்பித் தேர்ந்தது என்னும் உணர்வு ஒன்று. தன்னால் இயலும் என்னும் உணர்வு இரண்டு. தன்னை ஏற்றுக்கொள்ளும் மனிதரிடையே இருக்கிறோம் என்னும் உணர்வு மூன்று. முதலிரண்டையும் ஒருவர் தனியே முயன்றும் பெறலாம். மூன்றாவதற்குத் துணை வேண்டும். கூட்டுப் பயிற்சியின் சிறப்பு இங்கேதான் தொடங்குகிறது.

கூட்டத்தின் ஆற்றல்

தனியே செய்வதற்கும் பலரோடு செய்வதற்கும் வேறுபாடு உண்டா என்பதை 1898ஆம் ஆண்டிலேயே ஒருவர் ஆராய்ந்தார். நார்மன் டிரிப்லெட் என்னும் அமெரிக்கர், மிதிவண்டிப் பந்தயக்காரர்கள் தனியே ஓட்டுவதைவிடப் பிறருடன் ஓட்டும்போது விரைந்து செல்வதைப் பதிவேடுகளில் கண்டார். பின்னர் நாற்பது சிறுவர் சிறுமியரிடம் தூண்டிற் கயிறு சுற்றும் உருளையைக் கொடுத்து, தனியாகவும் இணையாகவும் சுற்றச் செய்தார். ஏறத்தாழப் பாதிப் பேர் பக்கத்தில் ஒருவர் இருந்தபோது வேகமாகச் சுற்றினர். கால் பங்கினரிடம் மாற்றமில்லை. எஞ்சிய கால் பங்கினர் போட்டி என்றதும் பதறித் தடுமாறி, முன்னைவிட மெதுவாகினர். இந்தக் கடைசிக் கால் பங்கினரை வாசகர் மறவாதிருக்க வேண்டுகிறோம். அவர்களிடம் நாம் மீண்டும் வருவோம்.

அடுத்து, 1920களில் ஜெர்மானிய அறிஞர் ஒட்டோ கோலர் பெர்லின் படகோட்டும் சங்கத்தினரைக் கொண்டு ஒரு சோதனை செய்தார். எடையைத் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும். இருவர் சேர்ந்து தூக்கும்போது ஒருவர் கைவிட்டால் மற்றவரும் தொடர இயலாது. அந்நிலையில் வலிமை குறைந்தவர், தனியே செய்ததைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார். ‘என்னால் என் தோழன் தோற்கக் கூடாது’ என்னும் எண்ணம் அவருக்குப் புது வலிமை தந்தது. இருவருக்கும் இடையிலான வலிமை வேறுபாடு மிகப் பெரிதாகவும் இன்றி, மிகச் சிறிதாகவும் இன்றி, நடுத்தரமாக இருந்தபோதே இப்பயன் மிகுந்தது.

2009ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பன்னிரண்டு படகோட்டிகளைப் பயிற்சிப் பொறியில் 45 நிமிடம் துடுப்பு வலிக்கச் செய்தனர். ஒருமுறை தனியே, மறுமுறை ஒன்றாக, ஒரே தாளத்தில். உழைப்பின் அளவு இருமுறையும் ஒத்தே இருந்தது. ஆயினும், கூடி வலித்தபின் அவர்கள் வலியைத் தாங்கும் ஆற்றல் தெளிவாகக் கூடியிருந்தது. ஒருங்கிசைந்து அசையும்போது மூளையில் இன்பம் தரும் சுரப்புகள் மிகுவதே இதற்குக் காரணம் என அவர்கள் கருதினர்.

நாற்று நட்ட பெண்கள் குலவையிட்டதும், ஏற்றம் இறைத்தவர் பாடியதும், கோலாட்டத்தில் அலுப்புத் தெரியாததும் ஏன் என்பது இப்போது விளங்குகிறதன்றோ? நம் முன்னோர் இதனை ஆய்வுக்கூடத்தில் அன்றி வயலில் அறிந்திருந்தனர்.

இன்னும் ஒரு நன்மை மிக எளியது. தனியே நடப்பவர் காலையில் மழைத் தூறல் கண்டால் போர்வையை இழுத்துக்கொள்வார். தெருமுனையில் ஒரு தோழர் தமக்காகக் காத்திருப்பார் என்றால் எழுந்து செல்வார். சொன்ன சொல்லுக்கு மனிதன் கட்டுப்படுவான். தனக்குத் தானே சொன்னதைவிடப் பிறருக்குச் சொன்னதற்கு மிகுதியும் கட்டுப்படுவான்.

உலகில் சில கூட்டங்கள்

ஜப்பானில் 1928ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், வானொலியில் உடற்பயிற்சி ஒலிபரப்புத் தொடங்கிற்று. போருக்குப்பின் இடையில் நின்று, 1951இல் புத்துயிர் பெற்ற அது இன்றும் காலை ஆறரை மணிக்கு ஒலிக்கிறது. பியானோ இசைக்கேற்பக் கையசைத்துக் குதிக்கும் அப்பயிற்சிக்குச் சில நிமிடங்களே போதும். கோடை விடுமுறையில் சிறுவர்கள் அக்கம்பக்கத்துப் பூங்காவில் கூடுவர். வந்த நாளுக்கு அட்டையில் முத்திரை குத்தப்படும். பாட்டியும் பேரனும் ஒரே வரிசையில் நிற்பர்.

மற்றொன்று இலண்டனில் பிறந்தது. பால் சின்டன் ஹியூவிட் என்பவர் ஓட்டக்காரர். காலில் அடிபட்டு ஓட முடியாத காலத்தில், தோழர்களைப் பிரிந்திருக்க மனமின்றி, ஓர் ஓட்டத்தை ஏற்பாடு செய்து தாம் நேரம் குறிக்க நின்றார். 2004ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் புஷி பூங்காவில் 13 பேர் ஓடினர். 5 கிலோமீட்டர், கட்டணம் இல்லை. ‘பார்க்ரன்’ எனப் பெயர் பெற்ற அது இன்று பல நாடுகளில் சனிக்கிழமைதோறும் நடைபெறுகிறது. 2018ஆம் ஆண்டு கோலாலம்பூரின் தாமான் பூடு உலுவுக்கும் வந்து சேர்ந்தது. அதில் ஓர் அருமையான வழக்கம் உண்டு. தொண்டர் ஒருவர் எல்லாருக்கும் பின்னால் நடந்து வருவார். ஆகவே அங்கு வருவோர் எவரும் கடைசியாக வருவதில்லை!

நாங்கள் செய்த பிழை

மேற்கூறிய அனைத்தையும் எழுதும் எங்களுக்கு ஓர் ஒப்புதல் வாக்குமூலமும் உண்டு. ஆசிரியர்களாகிய நாங்கள் நெடுங்காலம் உடற்பயிற்சியைத் தண்டனையாக்கி வைத்திருந்தோம். வீட்டுப்பாடம் செய்யவில்லையா? தோப்புக்கரணம் போடு. வகுப்பில் பேசினாயா? திடலை நான்கு முறை சுற்றி வா. இவ்வாறு சொல்லிவிட்டு, பின்னர் அதே பிள்ளையிடம் ‘ஓடுவது இன்பம்’ என்று கற்பித்தால் அவன் எங்ஙனம் நம்புவான்?

ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனுக்கு உடற்கல்வி நாளன்று மட்டும் தவறாமல் வயிற்றுவலி வந்தது. முதலில் கடிந்துகொண்டோம். பின்னர் அவன் தாயாரை அழைத்துப் பேசியபோதுதான் உண்மை வெளிப்பட்டது. பருத்த உடலினனாகிய அவன் ஒவ்வொரு முறையும் கடைசியாக வருவானாம். முன்னே வந்தவர்கள் வரிசையாக நின்று கைதட்டிச் சிரிப்பார்களாம். அந்தக் கைதட்டலை ‘ஊக்கம்’ என்று எண்ணி ஆசிரியரும் புன்னகைத்து நின்றார். பிள்ளையின் வலி வயிற்றில் இல்லை என்பது எங்களுக்கு அன்றுதான் புரிந்தது. டிரிப்லெட் கண்ட கடைசிக் கால் பங்கினருள் அவனும் ஒருவன். கூட்டம் ஒருவனைத் தூக்கவும் கூடும், நசுக்கவும் கூடும்.

அதன்பின் சில மாற்றங்கள் செய்தோம். ஓட்டத்தைத் தண்டனையாகத் தருவதை நிறுத்தினோம். மாணவரை இருவர் இருவராக இணைத்தோம்; ஒருவர் மற்றவரைவிடச் சற்றே வல்லவராக இருக்கும்படி பார்த்துக்கொண்டோம். ஆசிரியர் ஒருவர் எப்போதும் எல்லாருக்கும் பின்னால் ஓடினார். 2008ஆம் ஆண்டு நம் பள்ளிகளில் அறிமுகமான ‘செகாக்’ உடற்தகுதிச் சோதனையின் புள்ளிகளைச் சுவரில் ஒட்டாமல், அவரவர் குறிப்பேட்டில் எழுதச் செய்தோம். சென்ற முறை செய்ததைவிட இம்முறை ஒன்று கூடினால் அதுவே வெற்றி என்றோம்.

அம்மாணவன் அஞ்சல் ஓட்டத்தில் வென்றானா என்று கேட்பீர்கள். இல்லை. அக்குழுவில் அவனுக்கு இடமும் கிடைக்கவில்லை. ஆனால், சில வாரங்களில் அந்த வயிற்றுவலி நின்றுவிட்டது. உடற்கல்வி நாளன்று கூம்புகளை எடுத்துக்கொண்டு முதலில் திடலுக்கு வருபவன் அவனாகவே இருந்தான். எங்கள் பார்வையில் இதுவே பெரும் பரிசு.

தொடங்கும் முறை

கூட்டுப் பயிற்சிக்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. பின்வருவனவற்றை நினைவில் கொண்டால் போதும்.

முதலாவதாக, உங்கள் காரணத்தை நீங்களே கண்டறியுங்கள். அதனை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தோழனின் காரணம் உங்களுக்குப் பொருந்த வேண்டியதில்லை.

இரண்டாவதாக, இருவரேனும் சேருங்கள். நாளும் நேரமும் குறித்துக்கொள்ளுங்கள். கயிறு தாண்டலாம், பந்து விளையாடலாம், சடுகுடு ஆடலாம், பாட்டுக்கேற்பக் குதிக்கலாம். எண்ணிக்கையை மாறி மாறி உரக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவதாக, உடலைச் சூடேற்றும் எளிய அசைவுகளுடன் தொடங்கி, மெல்ல மெல்ல வேகத்தைக் கூட்டி, இறுதியில் மெல்ல ஓயுங்கள். நம் நாட்டு வெயில் கடுமையானது. காலையோ மாலையோ ஏற்றது. தண்ணீர் அருந்துங்கள். புகைமூட்டம் சூழ்ந்த நாளில் வெளியில் ஓட வேண்டா. நெஞ்சுவலியோ மயக்கமோ தோன்றினால் உடனே நிறுத்திப் பெரியவரிடம் கூறுங்கள். நோயுள்ள பெரியவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குதல் நலம்.

நான்காவதாக, எவரையும் எள்ளி நகையாடாதீர்கள். பின்தங்கியவருடன் ஒருவர் நடந்து வரட்டும். நாளை நீங்களே பின்தங்கும் நாளும் வரலாம்.

ஐந்தாவதாக, வீட்டிலுள்ளோரை அழையுங்கள். “அப்பா, வாங்க, பத்து நிமிடம் நடந்துவிட்டு வரலாம்” என்று பிள்ளை அழைத்தால் மறுக்கும் தந்தை அரியர். மருத்துவர் பன்முறை சொல்லியும் எழாத தந்தையைத் தம் மகளின் ஒரு சொல் எழுப்பியதை நாம் கண்டிருக்கிறோம்.

முடிவுரை

ஊர் கூடினால்தான் தேர் நகரும். வடத்தைப் பிடிப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு வேண்டுதல் இருக்கும். ஒருவர் வேண்டுதலை மற்றவர் அறியார். ஆயினும் அனைவரும் ஒன்றாக இழுக்கத் தேர் அசைகிறது. உடற்பயிற்சியும் அத்தகையதே. காரணம் அவரவர்க்கு உரியது. தொடர்ந்து செய்யும் வலிமையோ கூட்டத்தினால் வருவது.

மாணவச் செல்வங்களே! இம்மலரைப் படித்து முடித்ததும் மூடி வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். தனியே அமர்ந்திருக்கும் தோழனையோ தோழியையோ திடலுக்கு அழைத்து வாருங்கள். அவர் மெதுவாக ஓடுபவராயின் நீங்களும் அவருடன் மெதுவாக ஓடுங்கள். கூடிப் பயில்வோம், உடல் நலம் பெறுவோம், நம் பள்ளிக்கும் குடும்பத்துக்கும் நாட்டுக்கும் நற்பெயர் சேர்ப்போம்!